மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்க

குடிநீர் வாரியத்தில் அவளுக்கு ஒரு பதவிப் பெயர் இருந்தது. ஒரு வரி நீளம், நடுவில் இரண்டு கோடு. தெருக்களில் அது யாருக்கும் தெரியாது. தண்ணியக்கா என்றால் போதும். அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்த இன்னோர் அர்த்தத்தை நினைத்து, சலூன் வைத்திருந்த அவள் கணவன் மட்டும் இருபத்திரண்டு வருடங்களாகச் சலிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் வேலை எளிமையானது. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வீடு வீடாகப் போவாள். விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடிப்பாள், மோந்து பார்ப்பாள், இரண்டு சொட்டு மருந்து விடுவாள். தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். ஆகாவிட்டால் எங்கோ கோளாறு. உடனே நோட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்துத் தெருவையும் வீட்டு எண்ணையும் எழுதி வால்வுக்காரரிடம் கொடுப்பாள். அவர் ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், தெருமுனைக் குழிக்குள் விட்டுத் திருகுவார். தண்ணீர் நின்றுவிடும். மதியத்துக்குள் ஆட்கள் வந்து தோண்டி ஓட்டையை அடைப்பார்கள். இதில் யாரும் மேடை ஏற வேண்டியிருக்கவில்லை. யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்த வேண்டியிருக்கவில்லை. வாரியத்தை உறுத்தியது அதுதான்.

ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. இனிமேல் காகிதம் கிடையாது. களப்பணியாளர் ஒவ்வொருவரும் ஃபோன், டேப்லெட், லேப்டாப் ஆகிய மூன்றில் தம்முடைய ‘அன்றாட உற்பத்தித்திறனுக்கு’ உகந்த ஒன்றைத் தாமே தேர்வு செய்துகொள்ள வேண்டும். தேர்வு முழுச் சுதந்திரமானது. ஆனால் சரியாக இருக்க வேண்டும். தவறாகத் தேர்வு செய்பவரிடம் விளக்கம் கேட்கப்படும். சுற்றறிக்கை நாற்பத்தொரு பக்கம். ஆளுக்கொரு பிரதி, நல்ல தடித்த காகிதத்தில்.

அன்று மாலை சலூனில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதைக் கணவனிடம் காட்டினாள். அவன் இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

“எனக்கு ஒண்ணும் புரியல. தண்ணி நல்லா இருக்கா இல்லையான்னு பாக்க இது எதுக்கு?”

“பாக்கறதுக்கு இல்லையாம். பாத்ததைச் சொல்றதுக்காம்.”

“நீ வாயால சொல்றதுதான் நாலு தெருவுக்குக் கேக்குமே.”

அவள் சுற்றறிக்கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

பயிற்சி வகுப்பு மூன்றாம் மாடிக் கூடத்தில் நடந்தது. கூடம் குளிர்சாதனத்தின் புண்ணியத்தில் விறைத்துக் கிடந்தது. பயிற்சியாளர் கன்னத்தோடு ஒட்டிய மைக்கோடு, ஓர் இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே பேசினார்.

“உற்பத்தித்திறன்னா என்ன? யாராவது ஒருத்தர் சொல்லுங்க பார்ப்போம்.”

பின்வரிசையில் குழாய் பொருத்துகிறவர் ஒருவர் எழுந்தார். “வேலையைச் சீக்கிரமா முடிக்கிறதுங்க.”

“தப்பு!” பயிற்சியாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இந்தப் பதிலுக்காகத்தான் அவர் ஊர் ஊராகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. “வேலை முடிஞ்சுபோச்சுன்னா அப்புறம் உற்பத்தித்திறன் எங்க இருக்கும்? வேலை ஓடிக்கிட்டே இருக்கணும். ஓடுறது திரையில தெரியணும். திரையில தெரியாத வேலை, செய்யாத வேலை. எழுதிக்கோங்க.”

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அதற்கும் காகிதம் கொடுத்திருந்தார்கள்.

பிறகு ஒரு கேள்வித்தாள் வந்தது. அறுபது கேள்வி. விடைகளைக் கூட்டிப் பார்த்தால் ஒருவர் ஃபோன் மனிதரா, டேப்லெட் மனிதரா, லேப்டாப் மனிதரா என்று தெரிந்துவிடும். ‘காலையில் கண் விழித்ததும் நீங்கள் முதலில் தொடுவது எது?’ என்பது முதல் கேள்வி. ‘அடுப்பு’ என்று எழுதினாள். ‘யோசனை தோன்றும்போது உங்கள் மடியில் என்ன இருக்க விரும்புவீர்கள்?’ என்றது இன்னொன்று. வெகுநேரம் யோசித்து, ‘ஒன்றும் வேண்டாம்’ என்று எழுதினாள்.

பயிற்சியாளர் அவள் தாளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு வந்தார். பரிசோதனை முடிவோடு வரும் டாக்டரைப்போல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மேடம், பயப்படாதீங்க. நீங்க எந்த வகையிலயும் வரல.”

“வராட்டி என்ன சார்?”

“வகைப்படுத்த இயலாதவர்னு போட்டிருக்கேன். ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி இருக்கும். வீட்ல வேற யாருக்காவது இருக்கா?”

மறுநாள் காலை பின்தெருவில் தையல்காரம்மா வாசலிலேயே குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். தண்ணியக்கா குப்பியை நீட்டும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. மூடிபோட்ட சாக்கடையைத் திறந்த மாதிரி. குழாயைத் திறந்து விட்டாள். முதலில் தெளிவாகத்தான் வந்தது. பிறகு லேசாகப் பழுப்பு. இரண்டு சொட்டு விட்டாள். நிறம் மாறவே இல்லை. பத்து வீடு பார்த்தாள். பத்திலும் அதே கதை.

கடைசி வீட்டில், முன்பு ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர் தனியாக இருந்தார். முழங்கால் மடங்காது. கதவைத் தட்டினால், “மேலேயா, கீழேயா?” என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார்.

“இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க அண்ணே,” என்றாள்.

“துணியில வடிகட்டித்தான்மா குடிக்கிறேன்.”

“வடிகட்டினா கசடு போகும், விஷம் போகாது. பக்கத்துத் தெருவுல புடிச்சுட்டு வரச் சொல்லுங்க.”

“யார்கிட்டச் சொல்ல?” என்றார் அவர், சிரித்தபடி. கூடவே வந்திருந்த தையல்காரம்மா தினம் ஒரு குடம் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள்.

தண்ணியக்கா வழக்கம்போலச் சீட்டு எழுதிக்கொண்டு வால்வுக்காரரிடம் போனாள். அவர் சீட்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. சீட்டைத் தொட்டா சஸ்பெண்ட்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. ஃபோனுக்கு மெசேஜ் வந்தாத்தான் சாவியத் தூக்கணும்.”

“பின்தெருவுல மலத்தண்ணி வருதுய்யா.”

“தெரியுதுக்கா. உங்க சீலையிலயே அடிக்குது. நான் என்ன பண்ண?”

வாரியத்துக்குப் போனாள். கருவிகள் கிடங்கில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கூரை வரை அடுக்கியிருந்தன. கிடங்கு அதிகாரி அவற்றுக்கு நடுவில் ஒரு சந்து விட்டு உட்கார்ந்திருந்தார்.

“வகை தெரிஞ்சாத்தான்மா தேர்வு. தேர்வு செஞ்சாத்தான் கருவி. உங்களுக்கு வகையே இல்லையே.”

“அவசரம் சார். ஏதாவது ஒண்ணக் குடுங்க.”

அவர் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். உண்மையாகவே தேடினார். “ஏதாவது ஒண்ணுன்னு இதுல இல்லம்மா.”

வகைப்படுத்த இயலாதவர்களுக்குச் சிறப்பு விண்ணப்பம் ஒன்று இருந்தது. அது லேப்டாப்பில் மட்டுமே திறக்கும். திறப்பதற்கான எண் வாரியம் கொடுத்த ஃபோனுக்கு வரும். முடிவில் விரலால் போடும் கையெழுத்தை டேப்லெட் மட்டுமே ஏற்கும். எந்தக் கருவியும் இல்லாதவர்கள் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம்.

“என் சொந்த ஃபோன்ல இருந்து அனுப்பட்டுமா?”

“அது உங்க தனிப்பட்ட கருத்து ஆயிடும்.”

எட்டு நாள் அலைந்த பிறகு, கருவித் தேர்வுக் குழு அவளை நேரில் கூப்பிட்டது. அதற்குள் பின்தெருவில் பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்கு. தையல்காரம்மாவின் இளைய மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தாயும் அங்கேயே கிடந்தாள். தண்ணியக்கா ஒரு பாட்டிலில் பின்தெருத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்க் குழுவின் நீள மேசை நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள்.

இயக்குநர் முகம் சுளிக்கவில்லை. அவருக்குப் பயிற்சி இருந்தது. மேசையிலிருந்த மணியை அழுத்தி, அறைக்கு வாசனை தெளிக்கச் சொன்னார். மல்லிகை வாசனை வந்து நாற்றத்தோடு கலந்து, முன்பைவிட மோசமாயிற்று.

“அம்மா, உங்க உணர்ச்சியை நான் மதிக்கிறேன்,” என்றார். “குடிதண்ணி முக்கியம்தான். யார் இல்லைன்னாங்க? ஆனா குடிதண்ணியைப் பத்தின தகவல் அதைவிட முக்கியம். தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்கு வராது. தகவல் நிக்கும். நாளைக்கு ஒருத்தர் வந்து, ‘அன்னைக்குத் தண்ணி எப்படி இருந்துச்சு?’ன்னு கேட்டா, இந்த பாட்டிலையா காட்ட முடியும்?”

“நாளைக்குக் கேக்க ஆள் இருக்கணுமே சார்.”

“அது சுகாதாரத் துறை.”

குழுவில் இருந்த ஒருவர் பாட்டிலைப் படம் எடுத்தால் எந்தக் கருவியில் பழுப்பு நிறம் துல்லியமாகத் தெரியும் என்று கேட்டார். உடனே அறைக்கு உயிர் வந்தது. டேப்லெட்டில் படம் பெரிதாக வரும் என்றார் ஒருவர். ஃபோனில் கேமரா நல்லது என்றார் இன்னொருவர். லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்தும் எடுக்கலாம் என்று சொல்லி, மூன்றாமவர் எடுத்தும் காட்டினார். ஒன்றரை மணி நேரம் இப்படிப் போனது. பாட்டிலில் இருந்த தண்ணீரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இடையில் தேநீர் வந்தது. பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் குடித்தார்கள். தண்ணியக்காவுக்கும் ஒரு கோப்பை வைத்தார்கள். அவள் தொடவில்லை.

கடைசியில் இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். வகைப்படுத்த இயலாதவர் என்பதால் முன்னோடித் திட்டமாக அவளுக்கு மூன்று கருவிகளும் வழங்கப்படும். கைதட்டினார்கள். வகையில்லாமல் இருப்பது ஒரு கொடுப்பினை என்று ஒருவர் அவளிடம் வந்து சொன்னார்.

மறுநாள் காலை லேப்டாப் பை ஒரு தோளில், டேப்லெட் இன்னொரு தோளில், ஃபோன் கையில் என்று தண்ணியக்கா பின்தெருவுக்குள் நுழைந்தாள். குப்பியைப் பிடிக்கக் கை இல்லை. ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் பிடித்தாள். பிடித்த பிறகு கை ஈரம். ஈர விரலை ஃபோன் மதிக்கவில்லை. துடைத்துவிட்டுத் தொட்டால், ‘நீரின் மணம்’ என்று கேட்டு மூன்று விடை கொடுத்தது: நன்று, மிக நன்று, சிறப்பு. நாற்றம் என்று சொல்ல வழி இல்லை. வேறு போக்கில்லாமல் ‘நன்று’ என்று தொட்டுவிட்டு, குறிப்பு எழுதும் கட்டத்தில் ‘சாக்கடை கலந்திருக்கிறது, உடனே மூடவும்’ என்று எழுதினாள். அந்தக் கட்டத்தில் ஏழு எழுத்துக்குத்தான் இடம். ‘சாக்கடை கலந்’ என்பதோடு நின்றுவிட்டது. 

டேப்லெட்டில் வரைபடத்தைத் திறந்து வீட்டைக் காட்ட வேண்டும். வெயிலில் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. வியர்த்து, பத்து வயது கூடிப்போன முகம். சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் போட்டு நிழல் செய்து குனிந்து தேடினாள். பின்தெரு வரைபடத்தில் இல்லை. அந்த இடத்தில் ஒரு பூங்கா இருந்தது. லிஃப்ட்காரர் வீடு இருந்த இடத்தில் ஒரு மரத்தைத் தொட்டாள். 

கடைசியாக லேப்டாப். நின்றுகொண்டு தட்ட முடியாது. துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ‘சமர்ப்பி’ என்று இருந்ததை அழுத்தினாள். ஒரு சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. 

“வேலை ஓடுது,” என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல்.

அன்று நாலு வீடு பார்த்தாள். முன்பெல்லாம் நாற்பது.

நாலாம் நாள் பின்தெருவில் எல்லார் ஃபோனிலும் ஒரு செய்தி வந்தது: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ எழுபத்திரண்டு மணி நேரம் ஆனால் புகார் தானே தீர்ந்துவிடும்படி செய்திருந்தார்கள். தண்ணீர் அப்படியே வந்துகொண்டிருந்தது. பூங்காவுக்கு எதற்கு வால்வை மூட வேண்டும் என்று யாரோ கேட்டதாகவும், அதனால் வால்வுக்காரருக்கு மெசேஜ் போகவில்லை என்றும் பிறகு தெரிந்தது.

ஐந்தாம் நாள் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து கேள்வி வரவில்லை. மறுபடி தட்டினாள். பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து தள்ளித் திறந்தார்கள். லிஃப்ட்காரர் கக்கூஸ் வாசலில் சரிந்து கிடந்தார். இறந்து ஓர் இரவாவது ஆகியிருக்கும். பக்கத்தில் வாளி, அதன்மேல் வடிகட்டும் துணி. தையல்காரம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவருக்கு ஒரு குடம் கொண்டுவந்து வைக்க யாரும் இல்லை. தண்ணியக்காவுக்கும் தோன்றவில்லை. மூன்று கருவிகளைச் சுமந்துகொண்டு அவர் வாசலை நாலு தரம் கடந்திருக்கிறாள்.

தூக்கிக் கிடத்தும்போது அவர் சட்டைப்பையில் ஃபோன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். ‘எங்கள் சேவையில் உங்களுக்குத் திருப்தியா? பதில் இல்லையெனில் திருப்தி எனக் கொள்ளப்படும்.’

அவள் அங்கே அழவில்லை. நேராகத் தெருமுனைக்குப் போனாள். வால்வுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு அங்கேதான் நின்றிருந்தார், சாவியோடு.

“மெசேஜ் வரலையேக்கா,” என்றார்.

“நீ சாவியக் கீழ வச்சுட்டு டீ குடிக்கப் போ.”

அவர் சாவியை மெதுவாகத் தரையில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தண்ணியக்கா மூன்று கருவிகளையும் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். சாவியைக் குழிக்குள் இறக்கித் திருகினாள். அசையவில்லை. பெண்கள் இருவர் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார்கள். மூன்று பேருமாகத் தொங்கித் திருக, வால்வு கிறீச்சென்று மூடியது. தெருவில் தண்ணீர் நின்றது.

மறுநாள் தெரு ஆட்களே தோண்டினார்கள். நாலடி ஆழத்தில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் உடைந்து கிடந்தன. இரண்டையும் துளைத்துக்கொண்டு வழுவழுப்பான புதுக் கறுப்புக் கேபிள் ஒன்று போனது. வாரியத்தின் கருவிகளுக்கெல்லாம் வேகமான இணைப்புக் கொடுக்க, போன மாதம் பதித்தது. வாரியத்தின் முத்திரை அதன்மேல் அடிக்கு ஓர் இடத்தில் அச்சாகியிருந்தது.

விசாரணை வைத்தார்கள். கேபிளைப் பற்றி இல்லை. அனுமதியின்றி வால்வை மூடியது பற்றி. இயக்குநரே தலைமை. பக்கத்தில் ஒரு குமாஸ்தா, லேப்டாப்போடு.

“எந்தக் கருவியைப் பயன்படுத்தி மூடினீங்க?”

“கையாலங்க.”

குமாஸ்தா தலையைத் தூக்கினார். “சார், கைன்னு இதுல வரல. மூணுதான் வருது. எதையாவது தொட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்.”

“ஏதாவது ஒண்ணப் போடுய்யா,” என்றார் இயக்குநர்.

குமாஸ்தா டேப்லெட்டைத் தொட்டார். பக்கம் நகர்ந்தது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் டேப்லெட்டால் வால்வு மூடப்பட்டது என்று பதிவானதும் விசாரணையின் போக்கே மாறிவிட்டது. அது வாரியத்தின் முதல் வெற்றி அல்லவா என்று ஒருவர் கேள்வி எழுப்பினார். ஆண்டறிக்கையில் படத்தோடு போட முடிவானது. பின்தெருவின் திருப்தி நூற்றுக்கு நூறு என்று இன்னொருவர் வாசித்தார்.

“அதுல ஒருத்தர் செத்துப்போயிட்டார் சார்,” என்றாள் தண்ணியக்கா.

“அவர் அதிருப்தின்னு எதுவும் அனுப்பலையே?”

“இல்லை.”

“அப்புறம்?”

அவர் கேட்டது கிண்டலாக இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அதைப் பார்த்ததும், மேற்கொண்டு சொல்லத் திரட்டி வைத்திருந்ததையெல்லாம் அவள் விழுங்கிக்கொண்டாள்.

வெற்றி வாரியத்துக்கு, குற்றம் அவளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அலுவலகக் கருவிகளைத் தெருவோரம் கேட்பாரின்றி வைத்ததற்காக ஆறு மாதம் பணியிடை நீக்கம். கடிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தாள். மற்றவர்கள் வெளியே போனார்கள்.

“ஒரு நிமிஷம் இருங்கம்மா,” என்றார் இயக்குநர்.

கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார்.

“நம்ம வீட்டுத் தண்ணி. ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்குன்னு என் வீட்டுக்காரி சொல்றா. பேத்தி வந்திருக்கா. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.”

“உங்க ஃபோன்ல பாருங்களேன் சார். போட்டிருப்பாங்களே.”

“அட, அதை விடுங்கம்மா.” அவர் குரல் தாழ்ந்தது. “அதெல்லாம் நம்ம போடுறதுதானே.”

பேத்தியை நினைத்தாளோ என்னவோ, பையைத் திறந்தாள். குப்பியில் ஊற்றினாள், மோந்தாள், இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாயிற்று. அவ்வளவு நல்ல மஞ்சளை அவள் எந்தத் தெருவிலும் கண்டதில்லை.

“நல்லா இருக்கு சார். குடிக்கலாம்.”

“அப்பாடா!” இயக்குநர் பாட்டிலில் மிச்சமிருந்ததை அவள் முன்னாலேயே மடக்மடக்கென்று குடித்துவிட்டு, வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். “இதை எங்கேயும் பதிய வேண்டாம். நமக்குள்ள இருக்கட்டும்.”

தண்ணியக்கா வெளியே வந்து மாடிப்படி இறங்கினாள். பின்தெருச் சாக்கடைத் தண்ணீரை நாள் தவறாமல் மோந்தபோதெல்லாம் வராத குமட்டல், இரண்டாம் மாடி திரும்பும்போது வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே விழாமல், நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தாள்.